நாத சாதனங்கள் வீட்டில் சேர வேண்டிய கிரமம்

சங்கீதத்தில் ஈடுபாடுள்ள ஒரு குடும்பம், அளவான வருமானத்தைக் கொண்டு, சில வருஷங்களுக்குள், வீட்டிலேயே மனநிறைவோடு பாட்டுக் கேட்பதற்குரிய சாதனங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புமானால், எதை முதலில் வாங்குவது, எதை ஒத்திப்போடுவது, எதை வாங்காமலே விட்டுவிடுவது என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. இவற்றுக்குக் கடைக்காரர் ஒரு விதமாகவும், பத்திரிகைகள் வேறொரு விதமாகவும், ஏற்கெனவே பெரும் பொருள் செலவிட்ட நண்பர் மூன்றாவது விதமாகவும் விடை சொல்லுவார்கள். மூவரும் மனமறிந்து பொய் சொல்லுவதில்லை. ஆனால் அவரவர் தம்முடைய அறைக்கும் தம்முடைய காதுக்கும் பொருந்திய உண்மையையே சர்வ சாமானியமான உண்மையாக எடுத்துரைக்கிறபடியால், கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. இந்த விஷயத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகளில் நிலைபெற்றவை எவை, நம் நாட்டு வீடுகளுக்கும் நம் சங்கீதத்துக்கும் அவை எவ்வளவு தூரம் ஒத்துவருகின்றன என்பதை ஆராய்ந்து பார்த்தால், ஒரு கிரமம் தானே புலப்படும் என்பது என் துணிபு. அந்தக் கிரமம் அறையிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது. ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே, இன்ன குறை இருக்கிறது என்று காதே கண்டுபிடித்துச் சொல்லும் வரையில் காத்திருப்பது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருந்ததில்லை. ரேடியோ, தட்டுச் சுழலும் மேடை, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகிய யாவும் அலமாரி போன்ற ஒரே மரப் பெட்டிக்குள் அடங்கிய ரேடியோகிராமை, வசதியுள்ளவர்கள் வாங்கிக் கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ரேடியோவோடு திருப்தியடைந்தார்கள். 1947-ல் வில்லியம்ஸன் என்னும் பொறியாளர், திருத்தமான ஓர் ஆம்ப்ளிஃபயரின் அமைப்பை 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் வெளியிட்டு, கைத்திறமையுள்ள எவரும் அதைத் தாமே கட்டிக்கொள்ள வழி செய்தார். அடுத்த வருஷத்தில் கொலம்பியா நிறுவனம் நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அமெரிக்காவில் வெளியிட்டது. மூன்று, நான்கு நிமிஷங்களுக்குள் ராகத்தையும் கிருதியையும் நெருக்கி முடிக்க வேண்டியிருந்த நிர்ப்பந்தம் அகன்று, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பாட இடம் கிடைத்ததும், அதைத் தக்கபடி கேட்கவேண்டுமென்ற ஆசை ரசிகர்களுக்கு வளர்ந்தது. பெட்டிக்குள் ஒன்றாயிருந்த அங்கங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. பிரிந்தவுடனே, அவற்றுள் எது பிரதானம் என்ற விவாதமும் பிறந்தது.

விவாதத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. மூலமே பிரதானம் என்பது ஒரு கட்சி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் லின் நிறுவனத்தை ஏற்படுத்திய ஐவர் டீஃபன்பிரன் 1970-களில் இதை மிகுந்த வலிமையோடு நிலைநாட்டினார். தட்டின் பள்ளத்திலிருந்து ஊசி எடுக்கத் தவறியதைப் பின்னால் வரும் எந்த அங்கமும் மீட்டுத் தர முடியாது. ஆகவே டர்ன்டேபிளுக்கே முதற்பணம் என்பது அவர்களுடைய வாதம். இசைத்தட்டு ஒன்றே மூலமாக இருந்த காலத்தில் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. இரண்டு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தோடு பள்ளத்தில் ஊர்ந்து செல்லும் ஊசி, ஆயிரத்தில் சில பங்கு வோல்ட் அளவேயுள்ள மின்சாரத்தைத்தான் உண்டாக்குகிறது. மோட்டாரின் அதிர்வும், மேடையின் நடுக்கமும், அறையில் ஒருவர் நடக்கும் அதிர்ச்சியும் அந்த அற்ப மின்சாரத்தோடு கலந்து, சங்கீதத்தைப் போலவே பல்லாயிரம் மடங்காகப் பெருக்கப்படும். அந்த நிலையில் மூலத்தைத் திருத்துவது கண்கூடான பலனை அளித்ததில் வியப்பில்லை.

ஆனால் 1982-ல் பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ஸீடி வந்த பிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் பதினாறு இரும இலக்கங்களில் பதிவு செய்யும் அந்த முறையில், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது; மனிதக் காது கேட்கக்கூடிய சுருதி எல்லை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இன்று சொற்ப விலைக்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் கருவியின் பிழைகள், பெரும்பாலும் காதுக்கு எட்டாத அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஸ்பீக்கரோ, எவ்வளவு உயர்ந்ததானாலும், இரண்டு மூன்று டெசிபல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் ஒலிப்பது அபூர்வம். அது ஒலிக்கும் அறை, கீழ் ஸ்தாயியில் பத்து டெசிபலுக்கு மேலும் ஏற்றி இறக்கிவிடும். பிழை எங்கே பெரிதோ அங்கே பணத்தையும் கவனத்தையும் செலுத்துவதே விவேகம். கனடாவில் ஒட்டாவா நகரத்துத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல் என்னும் விஞ்ஞானி பல வருஷங்களாக நடத்திய பரிசோதனைகளும், ஸ்பீக்கரும் அறையுமே பிரதானம் என்னும் இந்த இரண்டாவது கட்சியையே பலப்படுத்தின. எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி மறைத்துவிட்டுக் கேட்கச் செய்தபோது, பலதரப்பட்டவர்களும் வியக்கத்தக்க ஒற்றுமையோடு ஒரே வகை ஸ்பீக்கர்களையே சிறந்தவை என்றார்கள். எல்லா ஸ்தாயிகளையும் சமமாக ஒலிப்பதும், நேர் எதிரே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலியைப் பரப்புவதுமே அவ்வகையின் லட்சணம்.

ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பு, 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸும் கெல்லாகும் வெளியிட்டதிலிருந்து பெரிய மாறுதலை அடையவில்லை. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு, அதைத் தாங்கும் ஒரு விளிம்பு, இவ்வளவே. கூம்பைச் சுற்றியுள்ள பெட்டியைப் பற்றிய அறிவுதான் பின்னால் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1954-ல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், முற்றும் அடைத்த சிறு பெட்டிக்குள் அகப்பட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, அலமாரியளவு பெட்டிகளால்தான் ஆகும் என்று எண்ணப்பட்ட மந்திர ஒலியைப் புத்தகத் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து வரவழைத்தார். ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-லும், ஸ்மால் என்பவர் அதற்குப் பின் 1970-களிலும் வகுத்த கணிதம், இன்ன கூம்புக்கு இன்ன பெட்டி என்று முன்கூட்டியே நிர்ணயிக்க உதவியது. பி.பி.சி.யின் பொறியாளர்கள் 1970-களில், நெருக்கடியான ஒலிபரப்பு வண்டிகளுக்குள் மனிதக் குரலைச் சரிபார்ப்பதற்காக உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்ற முழ உயரங்கூட இல்லாத ஸ்பீக்கரை இன்றும் விரும்பித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழ் ஸ்தாயியில் அது வலிமை குன்றியதுதான். ஆனால் குரலைக் குரலாகக் காட்டும் கடமையை அது ஒழுங்காகச் செய்தது. வாங்க வருகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய குணம் இதுவே.

நம் சங்கீதத்தைப் பிரதானமாகக் கேட்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்கவேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் வித்வானுக்கு மத்திம ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 98. அவருடைய தம்புராவின் நான்காவது தந்தி ஒலிப்பது 65. சிறிய ஸ்பீக்கர்களில் பல 65 ஹெர்ட்ஸில் தளர்ந்துவிடுகின்றன. இருந்தாலும் தம்புரா தம்புராவாகவே கேட்பதற்குக் காரணம், அதன் ஜீவன் அடிப்படை ஸ்வரத்தில் அன்றி, குதிரையின்மேல் தந்திக்கடியில் செருகிய நூல் எழுப்பும் மேல் ஸ்வரக்கூறுகளில் இருப்பதுதான். அந்தக் கூறுகளைக் கொண்டே காது அடிப்படை ஸ்வரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்ளுகிறது. இவ்விதக் குதிரையமைப்பு தந்திகளின் சாதாரண நியதியையே மீறி மேற்கூறுகளை வளர்க்கிறது என்பதை ஸி.வி. ராமன் 1921-ல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆகவே தம்புராவின் ரீங்காரத்துக்கு நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் களங்கமற்றிருப்பதே முக்கியம்.

மிருதங்கத்தின் விஷயம் வேறு. வலந்தலையின் கரணை, தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமையச் செய்து, தாள வாத்தியத்துக்கு ஸ்வரத்தை அளிக்கிறது. இதையும் ராமனே 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் முதலில் விளக்கினார். ரவை அப்பிய தொப்பியோ, அடித்த கையை இழுக்கும்போது எழும் கும்காரத்தோடு கீழ் ஸ்தாயியில் உருண்டு வருவது. வலந்தலையின் சாப்பும் தொப்பியின் கும்கியும் ஒரே மனிதருடைய இரண்டு கைகளிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தோன்றினால், அந்த ஸ்பீக்கரில் மேல் கூம்பும் கீழ்க் கூம்பும் நன்கு இணைந்திருக்கின்றன என்று கொள்ளலாம். கடைகளில் பரீட்சைக்காக ஒலிக்கச் செய்யும் ஆரவாரமான பாட்டுக்களைக் காட்டிலும், நன்றாகப் பதிவான ஒரு தனி ஆவர்த்தனம் இதை விரைவில் வெளிப்படுத்திவிடும்.

இனி அறை. இந்த விஷயத்தில்தான் நாம் மிகவும் அசிரத்தையாக இருக்கிறோம். பெரும் பலன் கிடைப்பதும் இதில்தான். மேல்நாட்டு நூல்கள் சொல்லும் யோசனைகள் மரச் சட்டங்களும் மெல்லிய பலகைச் சுவர்களும் தரைவிரிப்புகளும் உள்ள வீடுகளை மனத்தில் கொண்டவை. அவ்வகைச் சுவர்கள் தாமே சற்று அசைந்து கொடுத்து மந்திர ஒலியில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். நம் வீடுகளிலோ செங்கல் சுவரும், சிமெண்டுப் பூச்சும், மொசைக் அல்லது டைல்ஸ் தரையும், கான்கிரீட் தளமும் ஒலியைச் சிறிதும் ஏற்காமல் திருப்பியடிக்கின்றன. ஹார்வர்டு சர்வகலாசாலையில் வாலஸ் ஸபைன் என்னும் இளம் ஆசிரியர், பேச்சே விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைத் திருத்தும் பொறுப்பை 1895-ல் ஏற்று, பக்கத்து அரங்கிலிருந்து ஆசன மெத்தைகளை இரவு வேளைகளில் சுமந்து வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்து, ஒரு சூத்திரத்தைக் கண்டார். அறையின் கன அளவைக் கன மீட்டரில் கணக்கிட்டு, 0.161 ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும்.

அந்தச் சூத்திரத்தை நம்முடைய ஓர் அறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையின் கன அளவு சுமார் 34 கன மீட்டர். சுவர், தரை, தளம் எல்லாம் சேர்ந்த பரப்பு சுமார் 63 சதுர மீட்டர். பொருள்கள் அதிகமில்லாத சிமெண்டு அறை தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால், ஒலி அடங்க ஏறக்குறைய 1.7 வினாடி ஆகிறது. துரித கால ஸ்வரம் ஒன்று முடியுமுன் அடுத்த பல ஸ்வரங்கள் அதன் மேல் ஏறிக்கொள்ளும். சாகித்தியத்தின் எழுத்துக்கள் மழுங்கும். அதே அறையில் கனத்த ஜமக்காளம், இரட்டை மடிப்புத் திரைகள், பஞ்சு மெத்தை, பீரோவின் கண்ணாடிக்குப் பதிலாகத் திறந்த புத்தக அலமாரி ஆகியவற்றைச் சேர்த்து, உறிஞ்சும் பங்கை நூற்றுக்கு இருபதாக உயர்த்திவிட்டால், நேரம் 0.4 வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்த மாறுதலுக்கு ஆகும் செலவு ஒரு நடுத்தர ஆம்ப்ளிஃபயரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. ஆம்ப்ளிஃபயரை எத்தனை தடவை மாற்றினாலும் இந்த மாறுதல் கிட்டாது.

திரையும் ஜமக்காளமும் நடு, மேல் ஸ்தாயிகளுக்கு மட்டுமே மருந்து. கீழ் ஸ்தாயியில் ஒலியலை அறையளவு நீண்டுவிடுகிறபடியால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அது நின்று ஆடத் தொடங்கும். நம்முடைய வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்லுகிறது. பன்னிரண்டடி இடைவெளிக்கு 47.5 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 95-லும், பத்தடி இடைவெளிக்கு 57-லும் 114-லும் ஒலி பூதாகாரமாக எழும். மேற்சொன்ன அறையில் அகலமும் உயரமும் சமமாக இருப்பதால் 57 இரண்டு மடங்கு தொல்லை தரும். 95 என்பது ஒரு கட்டை வித்வானின் மந்திர பஞ்சமத்துக்கு வெகு அருகில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். அந்த ஸ்வரத்தை அவர் தொடும்போதெல்லாம் அறையும் சேர்ந்து முழங்கும். சுவரை ஒட்டிப் போட்ட ஸோபாவில் உட்கார்ந்து கேட்பவருக்கு இம்முழக்கம் அதிகபட்சமாகக் கேட்கும். நாற்காலியை இரண்டு மூன்றடி முன்னே இழுத்துப் போடுவதும், ஸ்பீக்கர்களைச் சுவரின் மூலையிலிருந்து விலக்கி வைப்பதும் காசு செலவில்லாத பரிகாரங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சம பக்க முக்கோணத்தில் அமைவதும், மேல் ஸ்தாயிக் கூம்பு காதின் உயரத்தில் இருப்பதும் நல்லது. பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, எந்த இடத்தில் ஸ்பீக்கரின் பிம்பம் கேட்பவர் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த இடத்தில் திரையோ அலமாரியோ வைத்தால் முதல் எதிரொலி தணியும்.

மின்விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வருஷத்தில் பெரும்பகுதி அது சுழலாமல் நம்மால் உட்கார முடியாது. அதன் இரைச்சலோ வீணையின் அனுஸ்வரங்களையும், ஆலாபனை ஓய்ந்த இடத்தில் நிற்கும் தம்புராவையும் விழுங்கிவிடுகிறது. மெல்லிய ஒலியைக் கேட்பதற்காக ஆயிரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, தேய்ந்த பேரிங்கோடு கடகடக்கும் விசிறிக்கு அடியில் உட்காருவது பொருந்தாது. பேரிங்கை மாற்றி, இறக்கைகளைச் சமன் செய்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் கேள்வியனுபவம் உயர்வதைப் பலரும் உணரலாம். ஜன்னல் கதவுகளின் சந்துகளை அடைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாட் கணக்கில் மயங்குவது பொதுவான பிரமை. சக்தியை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு உரத்துத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். சாதாரணமாக ஒரு சிறு அறையில் கேட்கும்போது சராசரியாகச் செலவாவது ஒரு வாட்டுக்கும் குறைவே. ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதுமான இடத்தில், 84 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 80 வாட் தேவைப்படும். ஆகவே ஸ்பீக்கரைத் தீர்மானித்த பிறகே ஆம்ப்ளிஃபயரைத் தேடுவது கிரமம். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர்கள் இப்போது கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவை சிக்கனமானவை. நம் ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசரும், மூன்று முனைப் பிளக்கில் உண்மையாகவே தரையோடு இணைந்த எர்த்தும் இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் கேட்கும் ஹம் என்ற முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் எர்த்துக் கோளாறே. வயர்களில் தடிமன் போதுமாக இருப்பதும் முனைகள் இறுக்கமாக இருப்பதும் முக்கியம். அதற்கு மேல் அவற்றில் பெரும் பணத்தைப் போடுவதற்கு நியாயமான ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை.

ஒரு சாதனம் மற்றொன்றைவிட மேலானதா என்று தீர்மானிப்பது தோன்றுகிற அளவுக்கு எளிதன்று. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-ல் காட்டியபடி, ஒலி மெலியும்போது கீழ் ஸ்தாயியில் காதின் கூர்மை மற்ற ஸ்தாயிகளைவிட வேகமாகக் குறைகிறது. ஆகையால் ஒரே ஸ்பீக்கரை ஒரு டெசிபல் உரக்க ஒலிக்கச் செய்தால், அது உரத்ததாகத் தோன்றாமல் நிறைவானதாகவே தோன்றும். இரண்டு சாதனங்களை ஒப்பிடுகிறவர் முதலில் ஒலியளவைச் சமப்படுத்த வேண்டும். பிறகு எது ஒலிக்கிறது என்பதைத் தமக்கே தெரியாமல் வேறொருவரைக் கொண்டு மாற்றச் செய்யவேண்டும். விலையும் பெயரும் கண்ணில் பட்டால், தேர்ந்த காதுகூடப் பட்சபாதம் கொள்ளும் என்பதை டூலும் அவருடைய சகாக்களும் திரும்பத் திரும்ப நிரூபித்திருக்கிறார்கள். அதோடு, கடையில் அரைமணி நேரத்தில் கவரும் பளிச்சென்ற ஒலி, வீட்டில் ஒரு மாத காலத்தில் காதைக் களைக்கச் செய்வதும் உண்டு. களைப்பு தோன்றுகிறதா, பாட்டை நடுவில் நிறுத்த மனம் வருகிறதா என்பதை அறிவதற்கு நாட்கள் வேண்டும். காத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

எதை உரைகல்லாகக் கொள்வது என்பதில் நமக்கு ஒரு விசேஷ இடையூறு இருக்கிறது. மேல்நாட்டு ரசிகர் தம் ஊர் வாத்திய மண்டபத்தில் மைக்கின் உதவியில்லாமல் எழும் ஒலியை உரைகல்லாகக் கொள்ளுகிறார். நம் சபைகளில் கச்சேரி முழுவதும் மைக்கின் வழியாகவே வருகிறது. அதுவும் பல இடங்களில் தேவைக்கு மேற்பட்ட உரப்போடும், மிருதங்கத்தின் தொப்பியை வீங்க வைத்தும், வயலினைக் கூராக்கியும் வருகிறது. இவ்வாறு பழகிய காது, வீட்டிலும் அதையே தேடி, வீங்கிய ஸ்பீக்கரைச் சிறந்தது என்று தேர்ந்தெடுத்துவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். நல்ல ஸ்பீக்கரைத் தேடுகிறவர்கள், வீட்டுக் கொலுவில் யாரேனும் பாடும்போதும், குருகுலத்தில் மாணவர்கள் சாதகம் செய்யும்போதும், மைக் இல்லாத சிறு கூடக் கச்சேரியிலும், வாத்தியங்களின் இயற்கை நாதத்தைக் கவனித்துக் கேட்டு மனத்தில் நிறுத்திக்கொள்ளவேண்டும். வீட்டிலுள்ளவர்களின் பேச்சுக் குரலைப் போனில் பதிவு செய்து, அவர்கள் எதிரே இருக்கும்போதே ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்து ஒப்பிடுவதும் நல்ல பரீட்சையே. போனின் மைக் குறையுடையதுதான் என்றாலும், குரல் மார்பிலிருந்து வருகிறதா, மூக்கிலிருந்து வருகிறதா என்ற வித்தியாசம் மறையாது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, முதல் வருஷத்தில் ஒரு குடும்பம் செய்யவேண்டியது, கையிலுள்ள பணத்தில் பாதிக்குக் குறையாமல் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஒதுக்கி, மீதியில் சாமானிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி, ஏற்கெனவே இருக்கும் போனையோ கம்ப்யூட்டரையோ மூலமாகக் கொண்டு கேட்கத் தொடங்குவதுதான். அடுத்த சில மாதங்கள் அறைக்கு உரியவை. மோனோ பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டு, பாடகர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், ஒரே இடத்தில் நிற்கிறாரா என்று பார்த்து இடங்களை மாற்றலாம். நம்முடைய பழைய பதிவுகள் பெரும்பாலும் மோனோ ஆதலால் இந்தப் பரீட்சை எப்போதும் கைக்கெட்டும். தொப்பியின் ஒலி போதவில்லை என்ற குறை பல மாதங்களுக்குப் பிறகும் நீடித்தால், அப்போது ஸப்வூஃபரைப் பற்றி யோசிக்கலாம். ஒரே பெரிய ஸப்வூஃபரைக் காட்டிலும், வெவ்வேறு இடங்களில் வைத்த இரண்டு சிறியவை அறையின் முழக்கத்தைச் சமப்படுத்தும். அளந்து திருத்தும் டிஜிட்டல் கருவிகள் மேடுகளை அடக்க வல்லவை. பள்ளங்களை நிரப்ப அவற்றால் ஆகாது என்பதை அறிந்து வாங்கவேண்டும்.

பழைய இசைத்தட்டுக்களைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர்களுக்கு மட்டும் கிரமம் சற்று மாறும். எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் முதலிய முத்திரைகளோடு வந்த 78 வேகத் தட்டுக்களின் பள்ளம், நெடுநேரத் தட்டின் பள்ளத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. நெடுநேரத் தட்டுக்கான ஊசியை அதில் வைத்தால், அது அடியில் கிடக்கும் தூசியில் உரசி இரைச்சலையே தரும். அதற்கென்று தனி ஊசி வாங்கிக்கொள்ளவேண்டும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் தட்டுக்களில் பூஞ்சை படர்வதால், கழுவி உலர்த்திச் செங்குத்தாக நிறுத்தி வைப்பது அவசியம். பெட்டியோடு பழைய ஸ்பீக்கர்களை வாங்குகிறவர்களும் இந்தக் காற்றை மறக்கலாகாது. கூம்பின் விளிம்பு நுரைப் பொருளால் ஆனதாயின், பத்துப் பதினைந்து வருஷங்களில் விரலால் தொட்டாலே உதிர்ந்துபோகும். ரப்பர் விளிம்பு நெடுங்காலம் உழைக்கும். நுரை விளிம்பை மாற்றிக் கொடுக்கும் கைத்தொழிலாளர்கள் பெரிய நகரங்களில் இன்னும் இருக்கிறார்கள் என்பது ஆறுதலான செய்தி.

சாதனங்கள் ஓரளவு நிலைபெற்ற பின், செலவிட வேண்டிய உழைப்பு முழுவதும் பதிவுகளின் பக்கம் திரும்புவதே நியாயம். அவற்றுள்ளும் முதல் உரிமை, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ரசிகர்கள் தம் கையாலேயே பதிவு செய்து வைத்த கச்சேரி நாடாக்களுக்கு உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் வெளியிட்ட கேஸட் எளியவர் கைக்கும் எட்டியதால், சபைகளிலும் கோவில் உற்சவங்களிலும் ரேடியோவிலும் ஒலித்த எத்தனையோ கச்சேரிகள் அவற்றில் தங்கியிருக்கின்றன. பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. அவற்றை டிஜிட்டலாக மாற்றுகிறவர்கள் அவசரத்தில் இரண்டு பிழைகளைச் செய்கிறார்கள். டெக்கின் தலையை ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் சாய்வுக் கோணத்தைச் சிறு திருகாணியால் ஒவ்வொரு நாடாவுக்கும் தனித்தனியே சரிசெய்யாமல் விடுவதால் மேல் ஸ்தாயி மங்கிப்போகிறது. பதிவு செய்த கருவியும் ஒலிக்கச் செய்யும் கருவியும் ஒரே வேகத்தில் ஓடாததால், சுருதி தவறிவிடுகிறது; வேகத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு பிசகினாலே அரைக் கட்டை ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். அந்த வித்வான் வழக்கமாகப் பாடிய கட்டை இன்னதென்று தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்புரா ஒலி தெளிவாகக் கேட்கும் இடத்தைச் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து, வேகத்தைத் திருத்திய பின்னரே பிரதி எடுக்கவேண்டும். அசல் நாடாவை அதன்பிறகும் எறிந்துவிடாமல், வெயிலும் ஈரமும் படாத இடத்தில், தேதியும் இடமும் பக்கவாத்தியக்காரர்களின் பெயரும் எழுதிய சீட்டோடு பாதுகாக்கவேண்டும்.